மோட்டாருக்கு மேலே ஒரு ரப்பர்

"மோட்டார் போயிடுச்சுக்கா. புதுசு போட்டாதான் சுத்தும்."

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் காதில் விழும். புழல், காவாங்கரை, கதிர்வேடு பக்கம் இந்த இரட்டைத் தொட்டி மெஷினை மக்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் தண்ணீர்தான். முழு ஆட்டோமேட்டிக் மெஷினுக்குக் குழாயில் அழுத்தம் வேண்டும். இதற்குப் பிடித்து வைத்த தண்ணீரைப் பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் போதும். சென்னைக்கே குடிநீர் கொடுக்கும் 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் புழல் ஏரியின் கரையிலேயே இருந்தாலும், போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் துணி துவைக்கிற தெருக்கள் இங்கே உண்டு.

இடது தொட்டியில் துவைத்து, வலது தொட்டியான ட்ரையரில் பிழிந்து, மாடிக் கொடியில் உலர்த்துகிறோம். ட்ரையர் நின்றுபோனால் அந்த வேலை மறுபடி வீட்டுப் பெண்களின் மணிக்கட்டில் ஏறுகிறது. நனைந்த பெட்ஷீட்டையும் ஜீன்ஸையும் கையால் முறுக்கிப் பிழிவது எத்தனை வலி என்பது செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே மெக்கானிக் சொன்ன காசைக் கொடுத்து மோட்டாரை மாற்றிவிடுகிறோம். சில மாதங்களில் புது மோட்டாரும் முனகி நின்றுவிடும். டூப்ளிகேட் மோட்டாரை மாட்டிவிட்டுப் போய்விட்டான் என்று திட்டுகிறோம். பல வீடுகளில் அந்தத் திட்டு நியாயமில்லாதது. மோட்டாரைக் கெடுத்தது அதற்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல். அதை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புதியதும் பழையது போன வழியிலேயே போகும்.

இதைப் புரிந்துகொள்ள ட்ரையர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதில் சூடு ஏதும் கிடையாது. ஓட்டைகள் போட்ட ஒரு கூடை, நிமிடத்துக்குச் சுமார் 1,350 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 22 சுற்றுக்கும் மேல். கூடையின் ஆரம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுவரோரத்துத் துணி உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 240 மடங்கு வருகிறது. துணியில் தங்கிய 100 கிராம் தண்ணீர் 24 கிலோ எடைபோல வெளிப்பக்கம் அழுத்தும். துணியைக் கூடையின் சுவர் தடுத்து நிறுத்திவிடும். தண்ணீரைத் தடுக்க ஆள் இல்லை, ஓட்டை வழியே வெளியே தெறித்துவிடும்.

இந்த வழியின் சிக்கனம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிக் காய வைக்க வேண்டுமானால், நம் ஊர் வெப்பநிலையில் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் தேவை. மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. வெளிநாட்டு வீடுகளில் உள்ள சூடான காற்று ட்ரையர்கள் இந்தச் செலவைத்தான் செய்கின்றன. நம் ட்ரையர் மோட்டார் 150 வாட் இழுக்கும் என்று கொண்டால், 5 நிமிட ஓட்டத்துக்கு ஒரு யூனிட்டில் 80இல் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர் வெளியேறிவிடுகிறது. மிச்ச ஈரத்தை வெயிலும் காற்றும் இலவசமாகப் பார்த்துக்கொள்கின்றன. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. காற்றே நனைந்து கிடக்கும் அந்த மாதங்களில், பிழியாத துணி இரண்டு நாளானாலும் காயாமல் நாற்றமெடுக்கும். ட்ரையரின் அருமை அப்போது தெரியும்.

இந்த வேலையைச் செய்யும் மோட்டார் அளவில் சிறியது. ஆனால் அதன் வம்சம் பெரியது. சுழலும் காந்தப்புலத்தால் ஒரு உலோக உருளையை, அதைத் தொடாமலே, சுற்ற வைக்கலாம் என்பதை இத்தாலியின் கலிலியோ பெராரிஸும் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டார்கள். இருவருடைய வேலையும் 1888இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டே மிகையில் டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி ஜெர்மனியில் அதை மூன்று பேஸ் மோட்டாராகச் செப்பனிட்டார். நம் பக்கத்தில், கோவை பீளமேட்டில் 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்துகாட்டினார்கள். கோவையின் பம்புசெட் தொழிலின் வேர்களில் அதுவும் ஒன்று. ட்ரையர் மோட்டாரும் அதே இண்டக்‌ஷன் வகைதான். உள்ளே சுழலும் ரோட்டருக்கு மின்சாரக் கம்பி எதுவும் போவதில்லை, தேய்வதற்குக் கார்பன் பிரஷ்ஷும் இல்லை. ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல ஆண்டு உழைக்கக்கூடிய எளிய இயந்திரம் அது.

வீட்டு இணைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொழிற்சாலைக்கு வருவதுபோல மூன்று பேஸ் வந்தால் சுழலும் புலம் தானாகவே கிடைத்துவிடும். வீட்டுக்கு வரும் ஒற்றை பேஸில் புலம் சுழலாது. ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது அதை நேர் கீழாக மிதித்துப் பாருங்கள். எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் எந்தப் பக்கமும் நகராது. மோட்டாரும் அப்படியே திகைத்து நிற்கும். இதற்காகவே மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதியான ஸ்டேட்டரில் இரண்டாவதாக ஒரு சுருளைச் சுற்றி, அதன் வழியில் ஒரு கெப்பாசிட்டரை வைக்கிறார்கள். கெப்பாசிட்டர் அந்தச் சுருளின் மின்னோட்டத்தை முதல் சுருளுடையதைவிடச் சற்று முந்தி ஓட வைக்கிறது. ஒன்று உச்சத்தைத் தொட்ட பிறகு மற்றது தொடும். இரண்டும் சேர்ந்து புலத்தை ஒரு திசையில் சுழற்றிவிடும், ரோட்டர் அதன் பின்னாலேயே ஓடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும். ரோட்டர் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கி ஓடும். அந்தப் பின்தங்கல் இருந்தால்தான் ரோட்டரில் மின்னோட்டம் தூண்டப்படும், திருகுவிசையும் பிறக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் பழுதைப் பாதி கண்டுபிடித்த மாதிரி. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து கூடையைக் கையால் சுற்றிப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது பிரேக் பிடித்திருக்கும் என்பதால், பின்பக்கக் கவரைக் கழற்றி பிரேக் ஒயரைத் தளர்த்திக்கொண்டு பார்ப்பது நல்லது. கூடை லேசாகச் சுழன்றும், கரண்ட் கொடுத்தால் 'உம்ம்' என்று முனகல் மட்டும் கேட்டால், சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. ட்ரையர் பக்கத்துக் கெப்பாசிட்டர் பொதுவாக 4 முதல் 6 மைக்ரோபாரட் இருக்கும். மோட்டார் விலையில் அதன் விலை ஒரு சிறு பங்கு. மல்டிமீட்டரில் அளந்து, மேலே அச்சிட்ட அளவைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அதே அளவில் புதியது மாட்டினால் தீர்ந்தது. முனகல்கூட இல்லையென்றால் டைமர், மூடிக்கடியில் உள்ள சேஃப்டி ஸ்விட்ச், ஒயர் இணைப்பு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு அப்புறம் மோட்டாருக்கு வர வேண்டும். எலி கடித்த ஒயரால் நின்ற மெஷினுக்குப் புது மோட்டார் வாங்கியவர்களும் உண்டு.

கூடையே இறுக்கமாகச் சுற்றினாலோ, கிறீச் என்று சத்தம் போட்டாலோ கதை வேறு. அங்கேதான் அந்த ரப்பர் வருகிறது.

மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்கவரைக் கழற்றி, டார்ச் அடித்துக் கீழிருந்து மேலே பாருங்கள். அடியில் மூன்று ஸ்பிரிங் கால்களில் மோட்டார் உட்கார்ந்திருக்கும். அதன் தண்டின் மேல், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி பிரேக் டிரம். டிரம்மின் கழுத்தில் போல்ட்டுகளால் பிடித்தபடி கூடையின் தண்டு மேலே ஏறிப் போகும். தொட்டியின் அடித்தட்டில் அந்தத் தண்டு நுழையும் இடத்தில் மடிப்பு மடிப்பான ஒரு கறுப்பு ரப்பர் இருக்கிறது. மெக்கானிக்குகள் பெல்லோ என்பார்கள், சீல் என்பார்கள். பிழிந்த தண்ணீர் முழுதும் வந்து விழுவது இந்தத் தட்டில்தான். சுழலும் தண்டைச் சுற்றி ரப்பரின் மெல்லிய உதடு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கீழே இறங்காமல் காக்கிறது. மடிப்புகள் இருப்பது கூடை ஆடும்போது ரப்பரும் சேர்ந்து ஆடுவதற்காக.

பழுதான மெஷின்களில் இந்த இடம் தன் கதையைத் தானே சொல்லும். ரப்பர் உதட்டின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருக்கும், சில இடத்தில் மயிரிழை போல வெடித்திருக்கும். உப்பும் சோப்பும் சேர்ந்து காய்ந்த வெள்ளைப் படலம் தண்டில் வரி வரியாக இறங்கியிருக்கும். அதற்குக் கீழே டிரம்மின் உட்புறம் செம்மண் பூசினதுபோலத் துரு. டிரம் சுழலும்போது தெறித்த துருப்புள்ளிகள் பிளாஸ்டிக் சுவரில் ஒரே உயரத்தில் வட்டமாக நிற்கும். கடைசியாக மோட்டாரின் மேல் பேரிங். அதன் கிரீஸ் கழுவிப்போய், விரலால் தொட்டால் பழுப்புச் சேறு ஒட்டும். மேலிருந்து கீழாக இந்தத் தடத்தைப் பார்த்தவருக்கு யார் குற்றவாளி என்பதில் சந்தேகமே வராது.

ரப்பர் தேய்வதற்கும் காரணங்கள் இருக்கின்றன. போர் தண்ணீரில் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும் தண்டின் மேல் செதிலாகப் படிந்து, உப்புத்தாள் போல ரப்பரைத் தேய்க்கும். துணியோடு வரும் மணலும் அதைத்தான் செய்யும். ஒரு பக்கம் கனமாகத் துணியைத் திணித்துவிட்டு மூடினால் கூடை ஆட்டம் போடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் தண்டு உதட்டை ஒரு பக்கமாக இடிக்கும். ட்ரையரில் துணியைச் சமமாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தட்டை அழுத்திவிட்டு ஓட்டுங்கள் என்று கையேட்டில் சொல்வது சத்தத்தைக் குறைப்பதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சீலின் ஆயுள் விஷயம். திருவொற்றியூர், எண்ணூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் காற்றிலேயே உப்பு. ஈரமான இரும்பில் குளோரைடு சேர்ந்தால் துரு இன்னும் வேகம் பிடிக்கும். அங்கே சீலில் ஒரு சின்னக் கசிவையும் தள்ளிப்போடக் கூடாது.

பேரிங் இறுகினால் சுருள் ஏன் எரிகிறது? உராய்வு கூடினால் ரோட்டரின் வேகம் குறையும், புலத்துக்கும் அதற்கும் உள்ள பின்தங்கல் கூடும், மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும். சூடு மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுவது. கம்பிகளின் மேல் பூசிய எனாமலின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது மோட்டார் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு. லோ வோல்டேஜும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசம். மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருமடியைச் சார்ந்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் திருகுவிசை 61 சதவீதமாகச் சரியும். கோடைக்கால மாலையில், துருப்பிடித்த பேரிங்கோடு, முழுக் கூடைத் துணியோடு ஸ்விட்சைத் திருப்பினால் மோட்டார் கிளம்பவே திணறும். கிளம்பாத மோட்டார்தான் அதிகம் சூடாகும். அந்த நேரத்தில் மெல்லக் கருகிய வாடை வரும். அதற்கு மேல் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீர் கீழிருந்தும் வரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த தெருக்கள் எத்தனையோ. புழல் ஏரியின் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாக எண்ணூர்ப் பக்கம் போகும் பாதையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ட்ரையர் மோட்டார் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில்தான் இருக்கிறது. வீட்டில் முழங்கால் தண்ணீர் நின்றால் அது முழுதும் மூழ்கியிருக்கும். தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்க உடனே ஸ்விட்சைப் போடுவதுதான் பெரிய தவறு. மூழ்கியதால் மட்டும் மோட்டார் சாவதில்லை. ஈரத்தோடு கரண்ட் கொடுப்பதால் சாகிறது, தொட்டவருக்கும் ஆபத்து. மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, வெயிலில் சில நாள் காயவிட்டு, காயில் கட்டும் கடையில் மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே குறைந்தது ஒரு மெகா ஓம் தடை காட்டினால்தான் கரண்ட் கொடுக்கத் தகுதி. பேரிங்கையும் அப்போதே மாற்றிவிட்டால் பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும்.

சுருளே எரிந்துபோயிருந்தால் புது மோட்டார் தவிர வழியில்லை. இவ்வளவு சின்ன மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலி பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கடைக்குப் போகும்போது பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போங்கள். கூடவே நான்கு விஷயங்களை ஒப்பிடுங்கள்: தண்டின் விட்டமும் நீளமும், அடித்தட்டில் கால் துளைகளின் இடைவெளி, சுற்றும் திசை, கெப்பாசிட்டரின் அளவு. தண்டு 10 மில்லிமீட்டரா 12 மில்லிமீட்டரா என்று பார்க்காமல் வாங்கினால் டிரம் அதில் உட்காரவே உட்காராது.

காப்பர் காயிலா, அலுமினியக் காயிலா என்ற பேச்சும் கடையில் வரும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு. அதே தடை கிடைக்க வேண்டுமானால் கம்பியை அதற்கேற்பத் தடிமனாகப் போட வேண்டும். அப்படி இடம் கொடுத்து வடிவமைத்த அலுமினிய மோட்டார் மோசமில்லை. விலை குறைக்க மெல்லிய அலுமினியக் கம்பியை அதே அளவு உடலுக்குள் திணிக்கும்போதுதான் சூடு ஏறுகிறது. அலுமினியத்தின் மேல் சட்டென்று படியும் ஆக்சைடால் கம்பி முனை இணைப்புகளும் நாளடைவில் தளரும். எங்கள் பக்கத்து ஈரக் காற்றில் நான் செம்புக்குத்தான் காசு கொடுப்பேன். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது, ஆகவே ஒரே அளவிலான இரண்டு மோட்டாரைக் கையில் தூக்கிப் பார்த்தாலே கனத்தில் வித்தியாசம் தெரியும்.

மாற்றும் வேலை பொறுமை உள்ள எவருக்கும் கைவரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் மிச்சம் இருக்கலாம். ஒரு குண்டு பல்பின் இரு ஒயரையும் அதன் முனைகளில் தொட்டு அதை இறக்கிவிடுங்கள். எந்த ஒயர் எதில் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மின் கழுத்து போல்ட்டுகள் துருவோடு இறுகியிருக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து அரை மணி விட்டு, சரியான அளவு ஸ்பேனரால் திருப்பினால் தலை மழுங்காமல் வரும். பிறகு மூன்று கால்களின் ஸ்க்ரூ. கூடையை மேலே உருவி எடுத்ததும் பெல்லோ முழுசாகக் கண்ணில் படும். மோட்டாரோடு சேர்த்துப் புதியதை வாங்கியிருந்தால் இப்போது மாட்டலாம். தண்டில் படிந்த செதிலைச் சுரண்டித் துடைத்துவிட்டு, உதட்டின் உட்புறம் வாட்டர்ப்ரூஃப் கிரீஸ் கொஞ்சம் தடவி, தொட்டி ஓட்டையில் ரப்பரின் விளிம்பு சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

புது மோட்டாரில் மூன்று ஒயர் வரும். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு 30, 50, 80 என்று வந்தால், 80 காட்டிய ஜோடியில் சேராத மூன்றாவது ஒயர்தான் காமன். காமனோடு 30 காட்டியது மெயின் சுருள், 50 காட்டியது கெப்பாசிட்டர் வழியாகப் போக வேண்டிய சுருள். இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும், சூடும் ஏறும். துவைக்கும் பக்கத்து மோட்டாரில் மட்டும் இரண்டு சுருளும் ஒரே அளவு காட்டும். அது இரு திசையிலும் மாறி மாறிச் சுழல வேண்டியது என்பதால் அப்படிச் சுற்றியிருக்கிறார்கள்.

எர்த் ஒயரை மோட்டார் உடலில் இறுக்காமல் கவரை மூடிவிடாதீர்கள். மெஷின் உடல் பிளாஸ்டிக், நமக்கு எர்த் எதற்கு என்று அதை வெட்டி விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. சீல் கசிந்தால் தண்ணீரே ஒயராக மாறும். வீட்டு மெயின் போர்டில், மின்கசிவு வந்ததும் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கூடுதல் பாதுகாப்பு.

துணி போடுவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. டிரெயின் ஹோஸை மேலே மாட்டி வைத்து, ட்ரையர் தொட்டியின் அடித்தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டாரின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். தாள் காய்ந்தபடியே இருந்தால் அதை எடுத்துவிட்டு, ஹோஸை இறக்கித் தண்ணீரை விட்டு, வெறும் கூடையை 5 நிமிடம் ஓட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பிரேக் டிரம்மின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனைந்தால் பெல்லோ சரியாக உட்காரவில்லை என்று பொருள். கூடையை உருவி மறுபடி மாட்டிவிட்டு, இதே சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.